வாங்காத மெடலை வாங்கினேன்னு சொன்னா உள்ள போடலாமா? அமெரிக்கா ட்ரை பண்ணிப் பாத்த நாலு வழி

2007 ஜூலை மாசம். கலிஃபோர்னியாவுல த்ரீ வேலீஸ்னு ஒரு தண்ணி போர்டு, க்ளேர்மான்ட் ஊர்ல ஆபீஸு, நம்ம குடிநீர் வாரியம் மாதிரின்னு வச்சுக்குங்க, என்ன ஒண்ணு, அங்க மெம்பரை எல்லாம் ஜனங்களே ஓட்டு போட்டு எடுக்குறாங்க. புதுசா வந்த மெம்பர் ஸேவியர் ஆல்வரெஸ் மொத கூட்டத்துல எந்திரிச்சு தன்னைப் பத்தி நாலு வார்த்தை பேசுறாரு. 25 வருஷம் மரைன் படையில இருந்தேன், 2001ல ரிட்டயர் ஆனேன், 1987ல எனக்கு மெடல் ஆஃப் ஆனர் குடுத்தாங்க, ஒரே ஆளு கையால பல தடவை காயம் பட்டிருக்கேன்னு. அந்தக் கடைசி வரியைக் கேட்டப்பவே யாராவது முழிச்சிருக்கணும். ஏன்னா மனுஷன் ஒரு நாள் கூட படையில இருந்ததில்ல. மெடல் ஆஃப் ஆனர்னா நம்ம பரம்வீர் சக்கரம் மாதிரி, அதுக்கு மேல அங்க வேற மெடலே கிடையாது. இதே ஆளு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் டீம்ல ஹாக்கி ஆடினேன், மெக்ஸிகோ நடிகையைக் கட்டிக்கிட்டேன்னு எல்லாம் அளந்து விட்டவருதான், ஹாக்கி ரீலுக்கு யாரும் கேஸ் போடல, மெடல் ரீலுக்கு மட்டும் எஃப்.பி.ஐ வந்துடுச்சு.

காரணம், அப்போ ஆறேழு மாசத்துக்கு முன்னாடிதான் ஒரு சட்டம் வந்திருந்துச்சு, ஸ்டோலன் வேலர் ஆக்ட், அதாவது திருடின வீரம். பேரு 2005ன்னு இருந்தாலும் புஷ் கையெழுத்து போட்டது 2006 டிசம்பர்ல. எனக்கு மெடல் கிடைச்சுதுன்னு பொய்யா சொன்னாலே 6 மாசம் வரைக்கும் உள்ள, மெடல் ஆஃப் ஆனர்னா 1 வருஷம் வரைக்கும். ஆல்வரெஸுக்கு 5,000 டாலர் ஃபைன், 3 வருஷம் ப்ரொபேஷன், அதாவது ஜெயிலுக்குப் போகாம கண்காணிப்புல இருக்குறது, 416 மணி நேரம் சமூக சேவைன்னு ஆச்சு. ஆமா பொய்தான் சொன்னேன், ஆனா பொய் சொல்ற உரிமையும் பேச்சுரிமைக்குள்ளதான வருதுன்னு அப்பீல் போனாரு, 2012 ஜூன் 28 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் 6-3ல அந்தச் சட்டமே செல்லாதுன்னுடுச்சு. அன்னைக்குத்தான் ஒபாமாகேர், அதான் ஒபாமா கொண்டு வந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டம், அதோட தீர்ப்பும் வந்துச்சு, அதனால பேப்பர்ல இதுக்கு மூலையில கூட சரியா இடம் கிடைக்கல.

இதை நான் எங்க மாமாகிட்ட சொன்னேன். அம்மாவோட தம்பி, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல 22 வருஷம், வேலூர் பக்கம் செட்டில் ஆயிட்டாரு. அவருக்கு ஒபாமாவும் தெரியாது, பேச்சுரிமை குடுக்குற அவங்க முதல் சட்டத்திருத்தமும் தெரியாது, கேட்ட உடனே "தூக்கி உள்ள போட வேண்டியதுதான மாப்ள, இதுல யோசிக்க என்ன இருக்கு" அப்படின்னாரு. நானும் ஆரம்பத்துல அதே கட்சிதான். யோசிக்க இருக்குதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, ஒரு நாடு இந்த மாதிரி ஆளை என்ன பண்ணலாம்னு பாத்தா மொத்தம் நாலு வழிதான் தெரியுது. பேச்சையே குத்தமாக்கலாம். மெடலையோ யூனிஃபார்மையோ உடம்புல மாட்டிக்கிறதை மட்டும் குத்தமாக்கலாம். பொய் சொல்லி எதையாவது வாங்கினா மட்டும் குத்தம்னு வைக்கலாம். இல்ல சட்டமே வேணாம், உண்மையான லிஸ்ட்டை ஊரறிய போட்டுட்டு புளுகனை சந்தி சிரிக்க விடலாம்.

மொத வழியில இருந்து வரேன், ஏன்னா மனசுக்கு அதுதான் சட்டுன்னு சரின்னு படும். இது புது ஆசையும் இல்ல, 1782ல ஜார்ஜ் வாஷிங்டன் சிப்பாய்களுக்குன்னு துணியில இதயம் மாதிரி ஒரு பேட்ஜ் ஏற்படுத்தினப்பவே, தகுதி இல்லாதவன் இதை மாட்டிக்கிட்டா கடுமையா தண்டிக்கணும்னு ஆர்டர்லயே எழுதி வச்சாரு. 2012 தீர்ப்புல மாறுபட்டு எழுதின ஜட்ஜ் அலிட்டோ சொல்ற வாதமும் லேசுப்பட்டது இல்ல. காங்கிரஸ்னா அமெரிக்க நாடாளுமன்றம், அதோட லைப்ரரி பழைய படைவீரர்களோட வாய்மொழி வரலாறைச் சேகரிச்சப்ப மெடல் ஆஃப் ஆனர் வாங்கினவங்கன்னு வந்தவங்க 49 பேரு, அதுல 24 பேரு வாங்கவே இல்ல. பாதிக்குப் பாதி! அப்போ மிச்சம் 25 பேரை யாரு முழுசா நம்புவா? விலை உயர்ந்த வாட்ச், ஹேண்ட்பேக் பேரை டூப்ளிகேட் கெடுக்கக் கூடாதுன்னு ட்ரேட்மார்க் சட்டம் இருக்கே, நாட்டோட உச்ச மெடலுக்கு அந்த மரியாதை கூட இல்லையான்னு கேக்குறாரு. இதைப் படிச்சதும் மாமாவுக்கு போன் பண்ணி உங்க கட்சிதான் ஜெயிக்கும் போலன்னு சொல்லலாம்னு இருந்தேன்.

ஆனா சட்டத்துல எழுதியிருக்குறதை ஒரு தடவை வரி வரியா படிச்சா உறுத்தும். யார்கிட்ட சொன்னான், எங்க சொன்னான், எதுக்கு சொன்னான், யாருக்கு நஷ்டம், எதுவுமே அதுல கேக்கல. சொன்னான், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள காதோட காதா சொன்னாலும் இந்தச் சட்டம் பாயும்னு முக்கிய தீர்ப்பு எழுதின ஜட்ஜ் கென்னடி சுட்டிக் காட்டுறாரு. வாதம் நடந்தப்ப தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஹைஸ்கூல் முடிக்காதவன் முடிச்சேன்னு சொன்னா அதையும் காங்கிரஸ் குத்தமாக்கலாமா, எங்க போயி நிறுத்துவீங்கன்னு. ஜட்ஜ் சொட்டோமேயர் இன்னும் ஒரு படி மேல போயி, நான் பழகுற ஆளு என்கிட்ட பொய் சொன்னா எனக்கும்தான் கோவம் வரும்னாங்க. கீழ் அப்பீல் கோர்ட்ல கோஸின்ஸ்கிங்கற ஜட்ஜ், மனுஷன் எதுக்கெல்லாம் பொய் சொல்றான்னு ஒரு நீள லிஸ்ட்டே போட்டிருந்தாரு, சங்கடம் தவிர்க்க, மனசு நோகாம இருக்க, தன்னைப் பெருசா காட்டிக்க. பொண்ணு பாக்கப் போன இடத்துல மாப்பிள்ளை சம்பளத்தை கொஞ்சம் ஏத்திச் சொன்ன குடும்பம் நம்ம ஊர்ல எத்தனை, எல்லாத்தையும் கோர்ட்டுக்கு இழுத்தா கோர்ட் தாங்குமா.

அதுக்காக அமெரிக்காவுல எந்தப் பொய்யையும் தொட முடியாதுன்னு இல்ல. கோர்ட்ல சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னா குத்தம், அரசு அதிகாரிகிட்ட பொய் சொன்னா குத்தம், நான்தான் அதிகாரின்னு நடிச்சா குத்தம், ஏமாத்தி காசு புடுங்கினா குத்தம். இது ஒவ்வொண்ணுலயும் பொய்யோட இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, ஒரு விசாரணை கெடுது, ஒருத்தன் பர்ஸ் காலியாகுது. 2005 சட்டத்துல பொய் மட்டும் தனியா நின்னுச்சு. இது பொய், இதுக்கு தண்டனைன்னு தீர்மானிக்கிற வேலையை கவர்மென்ட்டுக்கு ஒரு விஷயத்துல குடுத்தா அடுத்த விஷயத்துக்கும் அது கைநீட்டும்ங்கறதுதான் கென்னடி பயம், எனக்கும் அதுதான் பயம். மெடல்ல ஆரம்பிப்பாங்க, ஏன்னா மெடல் பத்தி யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.

சரி, வாயை விடு, மாட்டிக்கிறதை மட்டும் புடின்னா? ரெண்டாவது வழி. இது 1923லயே அங்க சட்டம், அனுமதி இல்லாம மெடல் குத்திக்கக் கூடாதுன்னு. நம்ம ஊர்லயும் சாயல் இதுதான், பாரதிய நியாய சன்ஹிதா 168, பழைய ஐ.பி.சி 140, சிப்பாய்னு நம்ப வைக்க சிப்பாய் உடுப்பு போட்டா 3 மாசம் வரைக்கும் உள்ள இல்ல 2,000 ரூபாய் வரைக்கும் ஃபைன். பிரிட்டன்ல 1894 சட்டப்படி யூனிஃபார்ம் போட்டா குத்தம், ஆனா மெடல் குத்திக்கிறதுக்கு இருந்த தடை 2006 சட்டத்துல கழண்டு போச்சு, திரும்பக் கொண்டு வர 2016ல ஒரு எம்.பி. மசோதா போட்டாரு, 2017 எலெக்ஷன் வந்து அது காத்துல போச்சு. கனடாவுல இன்னும் குத்தம்தான், 2014 நவம்பர் 11, போரில் இறந்தவங்களுக்கு அஞ்சலி செலுத்துற நாள், ஒட்டாவா நினைவுச் சின்னத்து முன்னாடி ஒருத்தரு யூனிஃபார்ம் மெடல் சகிதம் டி.வி.க்கு பேட்டி குடுத்தாரு, பாத்துட்டு இருந்த நிஜ சோல்ஜருங்க என்னடா இவன் இதை இங்க குத்தியிருக்கான்னு கண்டுபுடிச்சுட்டாங்க, கடைசியில ப்ரொபேஷனும் 50 மணி நேரம் சேவையும்.

இந்த சோல்ஜருங்க கண்டுபுடிக்கிற விஷயம் எப்படின்னு எனக்கு மாமா காட்டினாரு. பீரோ மேல இருந்த தகரப் பெட்டியை எறக்கி அவரோட ரிப்பன் பாரை, மெடலுக்குப் பதிலா சட்டையில குத்துற கலர் பட்டையை எடுத்து தொடையில வச்சு ஒவ்வொண்ணா விரல் வச்சு சொன்னாரு, இது 9 வருஷ சர்வீஸ், இது 20 வருஷ சர்வீஸ், இது சியாச்சின், இந்த வரிசை மாறவே கூடாது, மாறினா தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். "பாதி மெடல் அங்க இருந்ததுக்குத்தான் மாப்ள குடுப்பாங்க, சுட்டதுக்கு இல்ல" அப்படின்னு சிரிச்சாரு. அவரு தெருவுல ஒரு பைக்கு நிக்கும், பின்னாடி பெருசா ஆர்மி ஸ்டிக்கர், ஓட்டுற பையன் மார்க்கெட்ல தக்காளி மண்டி வச்சிருக்கான், அண்ணன் கூட ஆர்மி இல்ல. போலீஸ் செக்கிங்ல நிறுத்த மாட்டாங்களாம், அதுக்குத்தான். மாமாவுக்கு அந்த ஸ்டிக்கர் மேல இருக்குற கோவம் ஆல்வரெஸ் மேல கூட இல்ல.

மாட்டிக்கிறதைத் தடுக்குற சட்டத்துல நல்லது என்னன்னா கண்ணால பாக்கலாம், அவன் சொன்னான் இவன் சொல்லலன்னு சண்டை இல்ல. அழகா செய்யுறது ஆஸ்திரேலியாதான்னு நினைக்கிறேன், மத்தவங்க மெடலை தன்னோடதுன்னு காட்டினா அங்கயும் குத்தம், ஆனா போர்ல போனவங்களை நினைக்கிற அன்ஸாக் நாள் அன்னைக்கு தாத்தாவோட மெடலை பேரன் பேத்தி எல்லாம் குத்திக்கிட்டு ஊர்வலம் போகும், எப்படின்னா வாங்கினவன் இடது மார்புல, சொந்தக்காரன் வலது மார்புல. பாத்த உடனே தெரியும் இவன் வாங்கினவன் இல்ல, இவன் வீட்டு ஆளு வாங்கினான்னு.

ஆனா உடுப்புச் சட்டமும் வழுக்கிப் போகும், அமெரிக்காவுலயே போயிருக்கு. 1967ல ஹூஸ்டன்ல, ராணுவத்துக்கு ஆள் எடுக்குற சென்டர் வாசல்ல, வியட்நாம் போரை எதிர்த்து சில பேரு தெருநாடகம் போட்டாங்க, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு. நாடகத்துல யூனிஃபார்ம் போடலாம்னு சட்டம் இருந்துச்சு, ஆனா ஒரு வால், படைக்கு கெட்ட பேரு வர்ற மாதிரி நடிக்கக் கூடாதுன்னு. அதாவது ராணுவத்தைப் புகழ்ந்து நடிச்சா கலை, திட்டி நடிச்சா ஜெயில். 1970ல சுப்ரீம் கோர்ட் அந்த வாலை வெட்டி விட்டுச்சு. மெடல் விஷயத்துலயும் 2016ல ஒரு அப்பீல் கோர்ட், ஐடஹோ மாநிலத்துக்காரர் ஒருத்தரு சாட்சிக் கூண்டுல பர்ப்பிள் ஹார்ட், அதாவது போர்ல காயம் பட்டவங்களுக்குக் குடுக்குற மெடல், அதோட பின் குத்திக்கிட்டு உக்காந்த கேஸ்ல, குத்திக்கிறதும் ஒரு வகை பேச்சுதான், பேசுறதைத் தடுக்க முடியாதுன்னா இதையும் முடியாதுன்னு அந்த ஒரு குத்தத்தை மட்டும் ரத்து பண்ணுச்சு. போலி பேப்பர் காட்டி அரசு உதவித்தொகை வாங்கினதுக்கான தண்டனை அப்படியே நின்னுச்சு. இதைக் கவனிங்க, திரும்ப வருவேன்.

மூணாவது வழி, இப்போ அங்க நடைமுறையில இருக்குறது. ஆல்வரெஸ் தீர்ப்புல கென்னடி பக்கம் 4 பேரு, ஜட்ஜ் ப்ரேயரும் ஜட்ஜ் கேகனும் தனியா, சட்டம் இவ்வளவு அகலமா வேணாம், குறுக்கி எழுதுங்க பாக்கலாம்னு வாசலைக் கொஞ்சம் தொறந்து வச்சாங்க. காங்கிரஸ் அதைப் புடிச்சுக்கிட்டு 2013 ஜூன் 3ல புது சட்டம் கொண்டு வந்துச்சு, ஒபாமா கையெழுத்து. மெடல் ஆஃப் ஆனர், சில்வர் ஸ்டார், பர்ப்பிள் ஹார்ட் மாதிரி குறிப்பிட்ட மெடலை வாங்கினேன்னு பொய் சொல்லி, அதை வச்சு பணமோ சொத்தோ கண்ணுக்குத் தெரியுற வேற ஆதாயமோ அடையப் பாத்தா, 1 வருஷம் வரைக்கும் உள்ள. டீக்கடையில உதார் விட்டா ஒண்ணும் இல்ல, உதார் விட்டு டீக்கு காசு குடுக்காம போனா குத்தம். கொச்சையா சொன்னா அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ரோட் ஐலண்ட் கேஸ்ல பாக்கலாம். படைவீரர் ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒரு சமூக சேவகி, தான் மரைன்னு, பர்ப்பிள் ஹார்ட், ப்ரான்ஸ் ஸ்டார் வாங்கினேன்னு, போர்ல போனதால கேன்சர் வந்துடுச்சுன்னு சொல்லி ஏறத்தாழ 2,50,000 டாலர் கறந்துட்டாங்க. நிஜமாவே நோயில கிடந்த ஒரு படைவீரரோட ரெக்கார்டை எடுத்து தன்னோடதா மாத்தி வச்சிருந்தாங்க, அதுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. 2023ல 70 மாசம் ஜெயில். மெடல் சட்டம் தனியா குடுக்கக் கூடியது 12 மாசம்தான், மிச்சம் எங்கிருந்து வந்துச்சு? மோசடி, அடையாளத் திருட்டு, இதெல்லாம் ஏற்கனவே இருக்குற சட்டம். ஐடஹோ கேஸ்லயும் இதேதான். அப்போ இந்த மூணாவது சட்டம் புதுசா என்ன செஞ்சுதுன்னு கேட்டா, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே போதும்னு எனக்குப் படுது, வேணும்ங்கறதுக்கு மேல நீளாத சட்டம் கிடைக்கிறது அபூர்வம்.

ஓட்டை இல்லாம இல்ல. ஓட்டு ஆதாயமா? வீரன்னு சொல்லி எலெக்ஷன்ல ஜெயிச்சா அது கண்ணுக்குத் தெரியுற லாபமா இல்லையா? நியாயமா பாத்தா இதைவிட பெரிய லாபம் எது. ப்ரேயர் இதைப் பத்தி எழுதினது நல்லா இருக்கும், அரசியல் மேடையில சொல்ற பொய்தான் ஜனங்களை அதிகமா திருப்பும், ஆனா அங்கதான் கேஸ் போடுறதும் அதிக ஆபத்து, ஒரு கேஸே ரிசல்ட்டை மாத்திடும்னு. ஆளுங்கட்சி கையில இருக்குற போலீஸு எந்தப் புளுகனை புடிக்கும் எதை விடும்னு நம்மளுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

நாலாவது வழி, சட்டமே இல்லாம உண்மையை வச்சு அடிக்கிறது. ஆல்வரெஸை உண்மையில அடிச்சது அதுதான், கோர்ட் முடிவு சொல்றதுக்கு வருஷக்கணக்குக்கு முன்னாடியே பேப்பர்ல வந்து, இன்டர்நெட்ல கிழிஞ்சு, கூட இருந்த போர்டு மெம்பரே ராஜினாமா பண்ணுன்னு சொல்லியாச்சு. மெடல் வாங்கினவங்க பேரை எல்லாரும் தேடுற மாதிரி கவர்மென்ட்டே போட்டா போதுமேன்னு கென்னடி கேட்டாரு, அடுத்த மாசமே அவங்க பாதுகாப்புத் துறையான பென்டகன் ஒரு வெப்சைட் தொறந்துச்சு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் மெடல் ஆஃப் ஆனர் வாங்கினவங்களோட ஆரம்பிச்சு. நம்ம ஊரு நடுகல் மாதிரிதான், செத்தவன் பேரை ஊர் எல்லையில வெட்டி வச்சுட்டா அது என் தாத்தான்னு எவனும் சும்மா சொல்லிட முடியாது.

ஆனா லிஸ்ட் முழுசா இருந்தாத்தான். 1973 ஜூலை 12ல செயின்ட் லூயிஸ்ல படை ரெக்கார்டு வச்சிருந்த கட்டடம் தீப்புடிச்சு 1.6 கோடியில இருந்து 1.8 கோடி ஃபைல் வரைக்கும் சாம்பல், 1912க்கும் 1960க்கும் நடுவுல ஆர்மியில இருந்து வெளிய வந்தவங்களோடதுல 80 சதவீதம் போச்சு. அப்படி ஃபைல் எரிஞ்சு போன ஒரு கிழவன் நிஜமா மெடல் வாங்கியிருந்தாலும் எதை வச்சு நிரூபிப்பான்? சந்தி சிரிக்க வைக்கிறதுலயும் ஒரு கொடூரம் இருக்கு. 1996ல அமெரிக்க கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜெரமி போர்டா, அவரு ரிப்பன்ல குத்தியிருந்த சின்ன வெண்கல வி எழுத்து ரெண்டு, சண்டையில காட்டின வீரத்துக்கான அடையாளம் அது, அவருக்கு உரியதான்னு கேக்க பத்திரிகைக்காரங்க வர இருந்த அன்னைக்கு தன்னையே சுட்டுக்கிட்டு செத்துட்டாரு. அது அவரு போட்டுக்கலாம்தான்னு முன்னாள் கடற்படைத் தலைவர் ஒருத்தரு பின்னாடி எழுத்துல சொன்னாரு. இப்போ மொபைலை நீட்டிக்கிட்டு மால்ல நிக்கிற ஆளை மடக்கி "எந்த யூனிட், சொல்லு"ன்னு வீடியோ போடுற கூட்டம் வேற, அதுல சில சமயம் மடக்கப்படுறது நிஜமான பழைய சிப்பாய்.

மாமாகிட்ட என் முடிவைச் சொன்னேன், மூணாவது சட்டம், கூடவே நாலாவதுல இருந்து லிஸ்ட், முழு லிஸ்ட், மொபைல் தூக்குற கூட்டம் இல்லாம. பேச்சுக்கு ஜெயில் வேணாம். அப்படியே ஆல்வரெஸ் கதையோட மிச்சத்தையும் சொன்னேன், அவரு டைவர்ஸ் ஆன பொண்டாட்டி பேரை தண்ணி போர்டோட ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல சேத்து விட்ட மோசடிக்கு மாநில கோர்ட்ல தண்டனை வாங்கினாரு. மெடலுக்கு இல்ல, இன்ஷூரன்ஸுக்கு. மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு.

அப்புறம் லிஸ்ட்னா எப்படி இருக்கும் காட்டுன்னாரு. அவரு யூனிட் ஆளுங்க வாட்ஸ்ஆப் குரூப்ல எவனோ அனுப்பின பழைய பி.டி.எஃப் ஒண்ணு இருந்துச்சு, விருது வாங்கினவங்க பேரு. அவரோட இருந்த ஒருத்தருக்கு சேனா மெடல் குடுத்தப்ப மாமா நேர்ல நின்னு பாத்தவரு, அந்தப் பேரை போட்டு தேடினோம், இல்ல. எழுத்து மாத்திப் போட்டோம், இல்ல. இனிஷியலை விரிச்சு, அப்பா பேரை பின்னாடி போட்டு, சிங்னு ஏதாவது சேந்திருக்குமான்னு கூட பாத்தோம். அரை மணி நேரம் கழிச்சு கெடைச்சுது, ஆளோட பேரு இருக்க வேண்டிய இடத்துல அவங்க அப்பா பேரு, அதுவும் தப்பா. மாமா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு "இவன் போய் எவன்கிட்டயாவது வாங்கினேன்னு சொன்னா, நீ சொல்ற லிஸ்ட்டைப் பாத்துட்டு இவனைத்தான் மாப்ள மொதல்ல புடிப்பானுங்க" அப்படின்னாரு, நான் பேசாம அந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பி விட்டேன், அவரு அதை குரூப்ல போட்டாரு.